வாழ்த்தொலி ‘கூ’ச் சத்தமாகக் கேட்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் காலம் இது. மட்டக்களப்பு வெபர் மைதானம் தொடக்கம் படுவான்கரையின் சின்னஞ்சிறு பாடசாலை முற்றம் வரை, பரிசளிப்பு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து “ஹிப் ஹிப்” என்பார். கூட்டம் “ஹூரே” என்று பதில் சொல்லும். அந்தப் பதில் பல இடங்களில் வாழ்த்துப் போலக் கேட்பதில்லை. தோற்றவர்களைப் பார்த்துக் கூ அடிப்பது போலக் கேட்கிறது. வீதியால் போகிறவர்கள் உள்ளே ஏதோ குழப்பம் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது, யார் எந்தப் பங்கைச் சொல்வது, மைக்கை எந்த நேரம் விலக்குவது என்று அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. ஆங்கிலம் கற்பிப்பவர்களும் மைதானங்களில் அறிவிப்புச் செய்பவர்களுமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்தச் சொல்லே வேண்டாம் என்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பதில் வைத்திருக்கிறோம்.

கோளாறின் வேர் நாம் அதை எழுதும் விதத்திலேயே இருக்கிறது. தமிழில் எல்லோரும் ‘ஹூரே’ என்று முதலெழுத்தை நெடிலாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அசை. முதல் அசை குறில். வந்ததே தெரியாமல் ஓடிவிட வேண்டும். அழுத்தம் முழுவதும் இரண்டாம் அசையில்தான். ஆகவே ஒலிக்கு நெருக்கமாக எழுதுவதானால் ‘ஹுரேய்’ என்றுதான் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் இரண்டு ‘ஓ’ வருவதைப் பார்த்து ‘ஊ’ என்று நீட்டிவிடுகிறோம். தமிழில் அழுத்தத்துக்குத் தனிக் குறி கிடையாது. நெடிலைக் கண்டால் நாக்கு அங்கேதான் நின்றுகொள்ளும்.

நின்றால் என்ன என்று கேட்கலாம். நம் பக்கத்தில் நீட்டிச் சொல்லும் ‘கூ’வும் ‘ஹூ’வும் ஏளனத்துக்கு உரியவை. சிங்களவர்களுக்கும் அப்படித்தான். மேடையில் பேச்சாளர் தடுமாறினாலும், துடுப்பாட்டக்காரர் ஓட்டமெதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தாலும் கூட்டத்திலிருந்து கிளம்புவது அந்த ஒலியே. ஐந்நூறு பிள்ளைகள் சேர்ந்து முதல் அசையை ஒரு செக்கன் இழுத்துவிட்டால், பிறகு வரும் ‘ரே’யால் அதை மீட்க முடியாது. அதற்குள் மூச்சும் தீர்ந்திருக்கும். ‘ரே’ தேய்ந்து போகும். ‘ஹூ’ மட்டும் காதில் நிற்கும். ‘ஹ’ வராத சிறு பிள்ளைகள் “இப்பிப்பூரே” என்றும் “ஊரே” என்றும் சொல்வதைத் திருத்தப் போகவேண்டியதில்லை. ஊரே சேர்ந்து கத்துகிறது, அவ்வளவுதான். நீட்டம் எந்த அசையில் விழுகிறது என்பதை மட்டும் திருத்தினால் போதும்.

திருத்துவது சுலபம். முதலில் ‘ஹு’வை விட்டுவிட்டு “ரேய்” என்பதை மட்டும் மூன்று தரம் உரக்கச் சொல்லச் செய்ய வேண்டும். வாய் நன்றாக விரிய வேண்டும். உதடு குவிந்தால் ஒலி உள்ளே அடங்கும், வாய் விரிந்தால் வெளியே பாயும். ‘ஹூ’ என்று நீட்டும்போது கூட்டம் மந்தமாகக் கேட்பதற்கு உதடு குவிவதும் ஒரு காரணம். “ரேய்” சரியாக வந்தபின் அதன் முன்னால் ‘ஹு’வைத் தொட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள். குரல் தாழ்வில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மேலிருந்து கீழே இறங்கினால் அலுப்பில் சொன்னது போலாகிவிடும். மூன்றாம் தரம் முதலிரண்டையும் விட உயர்ந்தும் நீண்டும் இருக்கலாம், அது வழக்கம்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை.

அடுத்தது பங்கு பிரிப்பது. “ஹிப் ஹிப்” தலைவருக்கு, “ஹுரேய்” கூட்டத்துக்கு. இதில்தான் நம் அறிவிப்பாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தாங்களே “ஹிப் ஹிப் ஹுரேய்” என்று முழுவதையும் மைக்கில் சொல்லி முடிக்கிறார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் ஐந்நூறு பிள்ளைகளின் தொண்டை எம்மாத்திரம்? கூட்டம் வாயைத் திறக்கும் முன்பே பதில் ஒலித்துவிட்டதால் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். மீதிப் பேர் அறிவிப்பாளரைப் பின்தொடர்ந்து அரைச் செக்கன் பிந்திச் சொல்வார்கள். தலைவர் “ஹிப் ஹிப்” என்றதும் மைக்கை வாயிலிருந்து ஒரு முழமாவது கீழே இறக்கிவிட வேண்டும். தானும் சேர்ந்து கத்த விரும்பினால் மைக் இல்லாமல் கத்தலாம். மைக்கை கூட்டத்தின் பக்கம் நீட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். எதிரே ஒலிபெருக்கிக் குழாய் இருந்தால் அதன் ஒலி திரும்ப மைக்கில் ஏறி, காதைக் கிழிக்கும் ‘கீ’ என்ற சத்தம் வரும்.

பெரிய மைதானங்களில் இன்னுமொரு சிக்கல் உண்டு, அதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் இல்லக் கூடாரத்துக்கும் நூறு மீற்றர் அப்பால் இருக்கும் இல்லக் கூடாரத்துக்கும் “ஹிப் ஹிப்” போய்ச் சேர்வதில் கால் செக்கனுக்கு மேல் வித்தியாசம் வரும். அவர்களுடைய பதில் திரும்பி வர மறுபடியும் அவ்வளவு நேரம். ஆகவே காதை நம்பிப் பதில் சொன்னால் கூட்டம் துண்டு துண்டாகத்தான் ஒலிக்கும். கிட்டத்தில் இருப்பவர்கள் முடிக்கும்போது தூரத்தில் இருப்பவர்கள் தொடங்குவார்கள். வழி ஒன்றுதான்: கண்ணுக்கு ஓர் அடையாளம் கொடுப்பது. தலைவர் எல்லோருக்கும் தெரியும் இடத்தில், முடிந்தால் வெற்றி மேடையில் ஏறி நின்று, “ஹிப் ஹிப்” என்னும்போது கையை மேலே தூக்கி, “ஹுரேய்” தொடங்கவேண்டிய கணத்தில் வீசி இறக்க வேண்டும். பிள்ளைகள் கையைப் பார்த்துச் சொல்லட்டும். கொடி இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைப்பவரின் கொடியே போதும்.

நேரக் கணக்கும் முக்கியம். முதலில் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் “த்ரீ சியர்ஸ் ஃபோ” என்று தொடங்கிப் பெயரைக் கடைசியில் வைப்பார்கள். பெயருக்குப் பிறகு ஒரு செக்கன் நிறுத்தம். கூட்டம் மூச்சு இழுப்பதற்கு. பிறகு “ஹிப் ஹிப்”, இரண்டும் நறுக்கென்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரு செக்கன். உடனே பதில், ஒன்றரைச் செக்கன். அடுத்ததற்கு முன் மீண்டும் ஒரு செக்கன் மூச்சு. மூன்றும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு செக்கனில் முடிந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் மூன்றாம் தரம் மூச்சில்லாமல் போகும். இழுத்தால் கூட்டம் கலைந்துவிடும். பெயரோடு பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கிக்கொண்டே போவது நம்மவர்களுக்குப் பிடித்தமானது. பெயர் நீளநீளப் பிள்ளைகளின் மூச்சு போகும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். பேண்ட் வாத்தியம், பப்பரேக் குழு ஏதும் இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். மேளம் அடித்துக்கொண்டிருக்கையில் “ஹிப்” என்ற மெல்லிய ஒலி யாருக்கும் கேளாது.

மூன்று என்பது ஆங்கிலேயர் கணக்கு. சுவீடனில் நான்கு தரம் சொல்வார்கள். நோர்வேயில் மும்மூன்றாக ஒன்பது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் மூன்றும் முடிந்தபின் ‘டைகர்’ என்று பெயர் சொல்லி ஓர் உறுமலையும் சேர்த்துக்கொள்வார்கள். நம் பாடசாலைகளில் சிலர் உற்சாகம் மிகுந்து நான்கு, ஐந்து என்று போவதுண்டு. மூன்றில் நிறுத்துவதே நல்லது, ஏனென்றால் மூன்று என்று அறிவித்துவிட்டுத்தானே தொடங்கினீர்கள்.

யாருக்குச் சொல்வது என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விடயம். இது பிறருக்குச் சொல்லும் வாழ்த்து. தனக்குத் தானே மூன்று தரம் வாழ்த்தொலி எழுப்பிக்கொள்வது ஆங்கிலேயரிடையேயும் சிரிப்புக்கு இடமானது. ரக்பியிலும் பழைய கிரிக்கெட் வழக்கத்திலும் ஆட்டம் முடிந்ததும் ஓர் அணித் தலைவர் எதிரணிக்காக “ஹிப் ஹிப்” சொல்ல, அவருடைய வீரர்கள் பதில் சொல்வார்கள். பிறகு மற்ற அணி அதையே திருப்பிச் செய்யும். இரண்டு கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கும் நம் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு அணியினரும் எதிரணியை வசை பாடிக் களிப்பது வேறு மரபு. அதற்கு அதன் சுவை இருக்கிறது, அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த ஓர் ஒழுங்கும் இருக்கிறது. ஆனால் இரண்டையும் கலந்து, வென்ற இல்லம் தோற்ற இல்லத்தின் கூடாரத்துக்கு முன்னால் போய் நின்று தனக்கே “ஹிப் ஹிப்” போடுவது எந்த மரபிலும் இல்லை. கைகலப்பில் முடிந்த போட்டிகள் சில இப்படித்தான் தொடங்கின. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது: இரண்டாமிடம் வந்த இல்லத்தின் தலைவர் வென்ற இல்லத்துக்காக, வென்ற இல்லத்தின் தலைவர் மற்ற எல்லா இல்லங்களுக்குமாக, கடைசியில் மாணவத் தலைவர் நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக. பிரதம விருந்தினருக்கு வேண்டுமானால் தேநீருக்கு முன் தனியாக ஒரு முறை. இதற்கு மேல் போனால் அலுத்துவிடும்.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையான கதைகள் நிறைய உலவுகின்றன. ‘ஹுரேய்’, ‘ஹுரா’ எல்லாம் ஒரே சொல்லின் வேறு வடிவங்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் வருகின்றன. அதற்கு நூறு ஆண்டு முன்பே ‘ஹசா’ என்ற களிப்பொலி இருந்தது. அதிலிருந்தே ‘ஹுரா’ திரிந்து வந்ததாகக் கருதுகிறார்கள். ‘ஹசா’வைக் கப்பலோட்டிகளின் முழக்கம் என்றே அக்காலத்தவர் எழுதிவைத்தார்கள், பாய் ஏற்றும்போது கயிறிழுப்பவர்கள் எழுப்பிய ஒலி அதற்கு மூலமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. கல்லாற்றிலோ கல்முனைக் கரையிலோ கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. ஒருவர் அம்பா என்ற இழுவைப் பாட்டை எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்பவர்கள் எல்லோரும் “ஏலேலோ” என்று ஒரே மூச்சில் வாங்கி இழுப்பார்கள். எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர்கள் பலர்; எடுப்பது குட்டை, வாங்குவது நீளம். “ஹிப் ஹிப் ஹுரேய்” அமைந்திருப்பதும் இப்படித்தான். அம்பாவில் எடுத்துக் கொடுப்பவரே எல்லோருடைய பங்கையும் பாடினால் வலை கரைக்கு வருமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மைக் விவகாரம் உடனே விளங்கிவிடும்.

ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் சுவீடனிலும் ‘ஹுரா’ உண்டு. ரஷ்யர் ‘உரா’ என்பார்கள்; அவர்களுக்கு அது கொண்டாட்ட முழக்கம் மட்டுமன்று, படை பாயும்போது எழுப்பும் போர் முழக்கமும்கூட. பிரித்தானியக் கடற்படையில் வாழ்த்தொலி எழுப்பும்போது தொப்பியைக் கழற்றி உயர்த்துவார்கள். சாரணர், மாணவர் படையணிப் பிள்ளைகள் தொப்பியோடு நிற்கும் விழாக்களில் அதைச் செய்து பார்க்கலாம், அழகாக இருக்கும். வானத்தில் எறிய மட்டும் விடாதீர்கள். கீழே விழுந்த தொப்பி யாருடையது என்று தேடுவதில் அணிநடை குழம்பிவிடும்.

‘சியர்’ என்ற சொல்லைக் கேட்டதும் மது அருந்தும்போது குவளையைத் தட்டிச் சொல்வது என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் முதற்பொருள் ‘முகம்’, பிரெஞ்சிலிருந்து வந்தது. முகத்திலிருந்து முகமலர்ச்சிக்கும், அதிலிருந்து ஊக்குவிக்கும் குரலுக்கும் பொருள் நகர்ந்தது. குவளையோடு அது ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தித்தான்.

‘ஹிப்’ பற்றி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றுகிறது. “ஜெருசலேம் அழிந்தது” என்ற இலத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள்தான் ‘ஹெப்’ என்றும், அதுவே ‘ஹிப்’ ஆனது என்றும், ஆகவே இந்த வாழ்த்தொலி யூதர்களைக் கொல்ல எழுப்பிய கூக்குரல் என்றும் அது சொல்கிறது. இதில் ஒரு பாதி உண்மை. 1819இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய யூத எதிர்ப்புக் கலவரங்களில் “ஹெப் ஹெப்” என்று கத்தினார்கள். அந்தக் கலவரங்களுக்கே அப்படித்தான் பெயர். ஆனால் இலத்தீன் முதலெழுத்துக் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை ஓட்டும் ஒலியே அது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஆங்கில ‘ஹிப்’ அதிலிருந்து வந்தது என்பதற்கும் சான்று கிடையாது; ஒருவரைக் கூப்பிட்டு இந்தப் பக்கம் திருப்பும் வெறும் ஒலியாகவே அது ஆங்கிலத்தில் வழங்கியது. வாழ்த்தொலிக்கு முன்னால் அது வருவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. செய்தியை அனுப்புகிறவர்கள் அந்தக் கலவரத்தில் இறந்தவர்களை நினைத்து அனுப்பினால் சரி. பாடசாலை மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்க அனுப்புவது சரியில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். ஆங்கில தினப் போட்டிகளுக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் தயாராகும் பிள்ளைகள் இதைப் பிழையாக எழுதுவது இரண்டு மூன்று இடங்களில்தான். ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துகள் பல உண்டு. எச், இரண்டு ஓ, ஆர், ஏ, வை என்பது ஒன்று; எச், யூ, இரண்டு ஆர், ஏ, வை என்பது இன்னொன்று; கடைசி ‘வை’க்குப் பதிலாக ‘எச்’ போட்டால் ‘ஹுரா’. எதை எழுதினாலும் சரி, ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதக் கூடாது. இரண்டாவதில் ‘ஏ’யை விட்டுவிட்டால் வருவது ‘ஹரி’; அதற்குப் பொருள் அவசரப்படு என்பது. “அவசரப்படு! நாங்கள் வென்றுவிட்டோம்” என்று எழுதிய விடைத்தாளுக்குப் புள்ளி கொடுப்பது கடினம்.

சொல்லுக்குப் பிறகு வியப்புக் குறி, அல்லது காற்புள்ளி. இரண்டையும் சேர்த்துப் போடுவதும், வியப்புக் குறியை ஐந்தாறு தரம் போடுவதும் பிறந்தநாள் பதாகையில் இருக்கட்டும், பரீட்சைத் தாளில் வேண்டாம். யாருக்காக என்று சொல்லும்போது அடுத்து வருவது ‘ஃபோ’, ‘டு’ அல்ல. தமிழில் ‘அவருக்கு’ என்பதை அப்படியே மாற்றுவதால் ‘டு’ வந்துவிடுகிறது. ‘த்ரீ சியர்ஸ்’ என்பதில் கடைசி ‘எஸ்’ஸை விடுவதும் அடிக்கடி நடக்கிறது, பரிசளிப்பு மேடைப் பதாகையில் பெரிய எழுத்தில் இந்தப் பிழை தொங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் “ஹுரா! வீ ஹாவ் வொன் த மட்ச்” என்ற வாக்கியம் இலக்கண நூல்களில் தவறாமல் வரும். அயற்கூற்றில் அந்த ‘ஹுரா’ மறைந்துவிட வேண்டும். அதன் இடத்தில் ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜோய்’ வரும். ‘ஹாவ்’ என்பது ‘ஹாட்’ ஆகும். ‘வீ’ என்பது ‘தே’ ஆகும். வியப்புக் குறி போய் முற்றுப்புள்ளி வரும். பிள்ளைகள் ‘தட்’ எழுதிவிட்டு அதற்குப் பிறகும் ‘ஹுரா’வை வைத்துக்கொள்கிறார்கள். காரணம், அது சொல் அல்ல, குரல் என்பது அவர்களுக்கு விளக்கப்படவில்லை. அந்த நேரத்தில் எழுந்த குரலைப் பிறகு அறிக்கை செய்கிறவர் திரும்ப எழுப்ப மாட்டார். மகிழ்ந்து கூவினார்கள் என்றுதான் சொல்வார்.

வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வேறுபாடும் உண்டு. ‘ஹுரா’ இப்போது பழைய கதைகளில்தான் அதிகம். ‘ஹுரேய்’ பேச்சில் இருக்கிறது, பெரும்பாலும் பிறந்தநாள் பாட்டின் முடிவிலும் வாழ்த்தொலியிலும். ‘யிப்பீ’ 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுத்துக்கு வந்தது. சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தும், அதிபருக்கு எழுதும் கடிதத்துக்குப் பொருந்தாது. இளையவர்கள் குறுஞ்செய்தியில் எழுதுவது ‘யேய்’. இதை வை, ஏ, வை என்று எழுத வேண்டும். வை, ஈ, ஏ, எச் என்று எழுதினால் ‘ஓம்’ என்ற பொருளுடைய ‘யெஹ்’ ஆகிவிடும். வேலை கிடைத்ததாக நண்பர் செய்தி அனுப்ப, நீங்கள் ‘யெஹ்’ என்று பதில் போட்டால் “ஓம், தெரியும்” என்பது போல இருக்கும். ‘பிராவோ’ இத்தாலியச் சொல். ஒருவருடைய திறமையைப் பாராட்ட. அங்கே பெண்ணுக்கு ‘பிராவா’ என்பார்கள், ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குரலின் ஏற்றத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஹுரேய்’யைத் தட்டையாக, மெதுவாகச் சொன்னால் ஆங்கிலத்தில் அது கிண்டல். நேர்முகப் பரீட்சையில் நல்ல செய்தி சொன்னவரிடம் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

அவுஸ்திரேலியாவில் உறவினர் இருக்கும் வீடுகள் இங்கே அநேகம். அங்கும் நியூசிலாந்திலும் பழைய தலைமுறையினர் விடைபெறும்போது ‘ஹுரேய்’ என்பதுண்டு. “போயிட்டு வாறன்” என்பது போல. தொலைபேசியை வைக்கும்போது கிழவர் அப்படிச் சொன்னால் சந்தோசப்பட்டு வைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ‘ஹுரேய் ஹென்றி’ என்றால் காசுத் திமிரில் உரக்கக் கத்தித் திரியும் இளைஞன். ஹென்றி என்ற பெயருடைய பிள்ளைக்கு வாழ்த்து அட்டை எழுதும்போது பெயருக்கு முன்னால் ‘ஃபோ’வை விடாமல் எழுதுங்கள்.

எங்கே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நினைவு விழாவில், காலமானவரின் பெயரால் நடக்கும் கிண்ணப் போட்டியின் தொடக்கத்தில், சுனாமி நினைவு நாளை ஒட்டிய நிகழ்வுகளில் இந்த ஒலி வேண்டாம். கிண்ணம் கொடுத்த பின் வென்ற அணிக்குச் சொல்லலாம். அதற்கு முன் மௌனம்தான். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று பாடசாலை வாசலில் கூட்டமாகச் சொல்வதையும் தவிர்க்கலாம். பக்கத்திலேயே குறைந்த புள்ளியோடு ஒரு பிள்ளை நிற்கும். கைக்குழந்தையின் முதலாவது பிறந்தநாளில் கேக்குக்கு முன்னால் ஐம்பது பேர் சேர்ந்து கத்தினால் குழந்தை வீறிடும். பலூன் வெடிப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறார்களே, அதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இந்தச் சொல்லே வேண்டாம், நம்முடையது இருக்கிறதே என்பவர்களுக்கு. இருக்கிறது, ஒன்றல்ல பல. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கின்போது பெண்கள் இடும் குரவைக்கு இணையான களிப்பொலி ஆங்கிலத்தில் இல்லை. முஸ்லிம் கல்யாண வீடுகளிலும் அந்தக் குரவையே கேட்கிறது. மண்டூர் முருகன் கோயிலில் “அரோகரா” என்று ஒருவர் தொடங்கினால் ஊரே வாங்கும். அம்பாறை நகரப் பக்கம் ஆட்டம் வென்றால் “ஜயவேவா” என்ற சிங்கள வாழ்த்தொலி கேட்கும். ஆனால் குரவை பெண்களுக்குரியது, சுப காரியத்துக்குரியது. நாவைப் பக்கத்துக்குப் பக்கம் அசைத்து நீண்ட மூச்சில் இடும் அந்த ஒலியைச் சிறு வயதிலேயே பழகியவர்களால்தான் இட முடியும். அரோகரா கோயிலுக்குரியது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் போட்டியில், அல்லது அம்பாறையில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் வரும் மாவட்டப் போட்டியில், எந்தக் கோயிலையும் பள்ளிவாசலையும் கட்சியையும் நினைவூட்டாத ஓர் ஒலி வேண்டியிருக்கிறது. ‘ஹுரேய்’க்கு அகராதிப் பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லாததே அங்கே அதற்கு வசதி. தமிழில் நடத்த விரும்பும் பாடசாலை “மும்முறை வாழ்த்து” என்று அறிவித்து, தலைவர் இல்லத்தின் பெயரைச் சொல்ல, கூட்டம் “வாழ்க” என்று பதில் சொல்லலாம். ‘வாழ்க’வில் முதல் அசை நெடில் என்பதால் நம் நாக்குக்கும் அது சரிவரும், வாயும் தானாகவே விரியும். இரண்டையும் ஒரே விழாவில் கலப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் மற்றதுமாகச் சொல்லிக் குழம்பும்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அணிநடை ஒத்திகை நடக்கும் கடைசி நாளில், வெயில் ஏறும் முன், மைக்கையும் பொருத்திவைத்து இதையும் ஒத்திகை பாருங்கள். யார் மைக்கில் சொல்வது, யார் கொடி காட்டுவது, எந்தெந்த இல்லத் தலைவர் எந்த வரிசையில் என்று ஒரு துண்டில் எழுதி அறிவிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். துண்டில் ‘ஹுரேய்’ என்று எழுதும்போது முதலெழுத்தைக் குறிலாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்களும் மைதான அறிவிப்பாளர்களும் சிலர்,
களுவாஞ்சிக்குடி.